கண்ணாடியைத் தாங்கும் சுவர்: ஹார்ட்விக் ஹாலின் கட்டடக்கலை

இங்கிலாந்தின் டார்பிஷர் மாவட்டத்தில், செஸ்டர்ஃபீல்டுக்குத் தெற்கே ஒரு மேட்டின் விளிம்பில் நிற்கும் ஹார்ட்விக் ஹாலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் சன்னல்களில்தான் தொடங்குகிறது. நியாயமான தொடக்கம்தான். 1590-க்கும் 1597-க்கும் இடையே கட்டப்பட்ட அந்த மாளிகையின் மேற்கு முகப்பில் கல்லைக் காட்டிலும் கண்ணாடிதான் கண்ணில் படும். அந்த வட்டாரத்தார் அதைக் கேலியும் வியப்புமாக எதுகை கட்டிச் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தச் சன்னல்களை நிற்க வைத்தது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஓர் உட்சுவர். கட்டடத்தின் நீளவாக்கில் ஓடும் அந்தக் கனத்த சுவரைப் புரிந்துகொண்டால், இந்த வீட்டின் ஒவ்வொரு தளமும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோருக்குப் பாதி வீடுதான் கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கண்ணாடியின் மதிப்பைச் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சன்னல் கண்ணாடி சொத்துக்குச் சமம். ஊதி உருவாக்கிய கண்ணாடியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஈயப் பட்டைகளால் கோத்துத்தான் ஒரு சன்னலை நிரப்ப முடியும். 1567-ல் நார்தம்பர்லாந்து பிரபுவின் ஆல்னிக் கோட்டையைப் பார்வையிட்ட அதிகாரி, பிரபு ஊரில் இல்லாத காலத்தில் சன்னல் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரமாக வைக்கலாம் என்று பரிந்துரைத்தார். காற்றில் அடிபட்டு உடைந்துபோனால் மாற்றுவதற்கு ஆகும் செலவு அவரைக் கவலைப்படுத்தியது. ஒரு கோட்டைக்கே கண்ணாடியைக் கழற்றி வைக்கும்படி யோசனை சொல்லப்பட்ட நாட்டில், ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தன் வீட்டின் நான்கு பக்கங்களையும் கண்ணாடியால் நிரப்பினார்.

அவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத் டால்பட். வரலாறு அவரை ‘பெஸ் ஆஃப் ஹார்ட்விக்’ என்றே அழைக்கிறது. அதே மேட்டில் சிறு நிலக்கிழார் குடும்பம் ஒன்றில், 1520களில் பிறந்தவர். நான்கு முறை மணம் செய்துகொண்டு நான்கு முறையும் கைம்பெண் ஆனவர். இரண்டாம் கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ் வழியாகத்தான் அவருக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். சாட்ஸ்வொர்த் நிலமும் அந்த மணவாழ்வின்போது வாங்கப்பட்டதே. நான்காம் கணவர் ஜார்ஜ் டால்பட், ஷ்ரூஸ்பரியின் ஆறாம் பிரபு, நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். சிறைப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மேரியை 15 ஆண்டுகள் காவலில் வைத்திருக்கும் சுமையும் அவர்மேல்தான் விழுந்தது. அந்தச் சுமையும் சொத்துத் தகராறும் சேர்ந்து கணவன் மனைவியைப் பிரித்தன. 1583-ல் பெஸ், கடனில் மூழ்கி இறந்துபோன தன் சகோதரரின் ஹார்ட்விக் நிலத்தை விலைக்கு வாங்கினார். சாட்ஸ்வொர்த்தில் நிம்மதியாக இருக்க முடியாத நிலையில் பிறந்த மண்ணுக்கே திரும்பி, அங்கிருந்த வீட்டை விரிவாக்கத் தொடங்கினார். இன்று ‘பழைய ஹால்’ என்று அழைக்கப்படுவது அதுதான். அதன் வேலை முடிவதற்குள்ளேயே, அருகிலேயே புதிய ஹாலுக்கு 1590-ல் அஸ்திவாரம் தோண்டப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் பிரபு இறந்தார். விதவைப் பங்காக வந்த வருமானம் புதிய வீட்டை எந்தத் தடையும் இல்லாமல் மேலே எழுப்பியது. இரண்டு வீடுகளின் வேலையும் சில காலம் ஒரே நேரத்தில் நடந்தது.

பெஸ்ஸுக்குப் பணத்தைவிடப் பெரிய வசதி ஒன்று இருந்தது. வீடு கட்டத் தேவையான பொருள்களில் பெரும்பகுதி அவருடைய சொந்த நிலத்திலேயே கிடைத்தது. மணற்கல்லை வீட்டுக்குக் கீழே சரிவிலேயே வெட்டி எடுத்தார்கள். மரம் அவருடைய காடுகளிலிருந்து வந்தது, ஈயம் அவருடைய சுரங்கங்களிலிருந்து வந்தது, கண்ணாடி செய்யும் உலையும் அவருக்கே சொந்தமாக இருந்தது. ஆல்னிக்கின் அதிகாரியைக் கவலைப்படுத்திய விலை அவரை அந்த அளவுக்குத் தொடவில்லை. ஹார்ட்விக்கின் கண்ணாடி முகப்பைச் செல்வச் செருக்கு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. தன் நிலத்தின் விளைச்சல் எது, எதை எங்கே பயன்படுத்தினால் மிச்சம் ஆகும் என்று கணக்குத் தெரிந்த ஒருவரின் முடிவாகவும் அதைப் பார்க்க வேண்டும். கட்டடக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் அவரே பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.

அந்தக் கணக்கேடுகளால்தான் வேலை செய்தவர்களின் பெயர்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சுவர்களை எழுப்பியவர்கள் ஜான் ரோட்ஸ், கிறிஸ்டபர் ரோட்ஸ் என்ற கல்தச்சர்கள். கல் செதுக்கு வேலையில் தாமஸ் ஆக்ரெஸ், சுதை வேலையில் ஆபிரகாம் ஸ்மித். ஜான் பேலச்சவுஸ் என்ற ஓவியர் வண்ணம் தீட்டியதோடு நிற்காமல் மேற்பார்வையும் பார்த்திருக்கிறார். இவர்களில் ரோட்ஸ் குடும்பத்தாரும் ஆக்ரெஸும் அதற்கு முன் நாட்டிங்ஹாமுக்கு அருகில் வொல்லாட்டன் ஹாலில் வேலை செய்தவர்கள்.

வொல்லாட்டனை வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன். கல்தச்சராக லாங்லீட் மாளிகையில் வேலை செய்தவர், 1614-ல் இறந்தார். வொல்லாட்டன் தேவாலயத்தில் உள்ள அவருடைய கல்லறைக் கல்வெட்டு அவரைக் கட்டடக்கலைஞர் என்று குறிப்பிடுகிறது. கல்தச்சர்களும் எஜமானர்களும் சேர்ந்து பேசிப் பேசி வீடு கட்டிய காலத்தில் ஒரு ஆங்கிலேயருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அரிது. ஆனால் ஹார்ட்விக் கணக்கேட்டில் அவருக்கு வரைபடத்துக்கென்று கூலி கொடுத்த பதிவு கிடையாது. 1597-ல் கொடுத்த ஒரு சிறு தொகையோடு அவர் பெயர் வருகிறது, அவ்வளவுதான். அப்படியிருந்தும் இன்று அறிஞர்கள் இந்த வீட்டை அவருடையதாகவே ஏற்கிறார்கள். ஸ்மித்சன் குடும்பத்தின் வரைபடத் தொகுப்பில் ஹார்ட்விக்கின் அமைப்பை ஒட்டிய ஒரு தரைப்படம் இருக்கிறது. அவரோடு வேலை செய்த ஆட்களே இங்கும் வந்திருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலான சான்று கட்டடத்தின் மூளை என்றே சொல்வேன். வொல்லாட்டனில் ஒருவர் மல்லுக்கட்டிய சிக்கல்கள் ஹார்ட்விக்கில் ஒவ்வொன்றாகத் தீர்ந்திருக்கின்றன. இப்படி ஒரே சிந்தனை முதிர்ந்துவருவதை யாரும் போலியாக உண்டாக்கிவிட முடியாது.

அந்தச் சிக்கல்களில் முதலாவது வாசல். இடைக்கால ஆங்கிலேய வீட்டின் மையம் பெருங்கூடம். அது முகப்புக்கு இணையாக, வீட்டின் நீளவாக்கில் கிடக்கும். அதன் கீழ்க்கோடியில் வாசல், மேல்கோடியில் எஜமானர் உட்காரும் மேடை. ஆகவே வாசல் எப்போதும் முகப்பின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். மேடைப் பக்கத்தில் ஒரு பெரிய சன்னல் வரும், மறுபக்கத்தில் வராது. இடமும் வலமும் ஒத்திருக்கும் முகப்பை விரும்பத் தொடங்கிய புதிய தலைமுறைக்கு இது பெரும் இடைஞ்சல். வொல்லாட்டனில் ஸ்மித்சன் முகப்பைச் சமச்சீராக்கிவிட்டார், ஆனால் உள்ளே வந்தவர் வளைந்து திரும்பித்தான் கூடத்தை அடைய முடியும். ஹார்ட்விக்கில் கூடமே திருப்பி வைக்கப்பட்டது. வாசல் முகப்பின் நட்டநடுவில் இருக்கிறது; கதவைத் திறந்தால் கூடம் எதிரே வீட்டின் ஆழத்துக்குள் நேராக ஓடுகிறது. இங்கிலாந்தில் இப்படி அச்சில் அமைந்த பெருங்கூடங்களில் இது மிகத் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவின் நூல் ஸ்மித்சனின் கைக்கு எட்டியிருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. தூண்டுதல் எங்கிருந்து வந்திருந்தாலும், ஓர் ஆங்கிலேய வழக்கத்தின் உள்முடிச்சை அவிழ்த்த பெருமை இந்தத் தரைப்படத்துக்கே உரியது. எஜமானர் குடும்பம் கூடத்தில் சாப்பிடுவதை அதற்குள் விட்டுவிட்டிருந்ததும் இதற்குத் துணையானது. பணியாளர்கள் உண்ணும் இடமாகவும் வருவோரை வரவேற்கும் இடமாகவும் கூடம் மாறிவிட்டபோது, அதைத் திருப்பிப் போடுவதால் யாருடைய மரியாதையும் குறையவில்லை.

இரண்டாவது சிக்கல்தான் நான் முதலில் சொன்ன சுவர். குளிர்நாட்டு வீட்டில் ஒவ்வொரு பெரிய அறைக்கும் கணப்பு வேண்டும். கணப்புக்குப் புகைபோக்கி வேண்டும், புகைபோக்கிக்குக் கனத்த சுவர் வேண்டும். வழக்கமாக அந்தக் கனம் வெளிச்சுவரில் வரும். அங்கே கணப்பு வந்துவிட்டால் சன்னலுக்கு இடம் இல்லை. ஹார்ட்விக்கில் புகைபோக்கிகளைக் கட்டடத்தின் உள்ளே, உட்சுவர்களுக்கு மாற்றினார்கள். பாரமும் புகையும் நடுவே இறங்கிவிட்டன. வெளிச்சுவர் தாங்க வேண்டிய சுமை குறைந்தது. அதைத் திறந்துவிட முடிந்தது. மேல்தளத்து நீள்கூடத்தில் நின்றால் இந்த ஏற்பாடு பளிச்சென்று புலப்படும். ஒரு பக்கம் முழுக்கச் சன்னல், எதிர்ப்பக்கத்து உட்சுவரில் இரண்டு பெருங்கணப்புகள். வெளிச்சமும் வெப்பமும் ஒன்றின் இடத்தை ஒன்று பறிக்காமல் எதிரெதிராக நிற்கின்றன.

மற்றொரு நுணுக்கம் கோபுரங்கள். செவ்வக உடலின் நீண்ட பக்கங்களில் இரண்டிரண்டும், குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்றுமாக ஆறு கோபுரங்கள் வெளியே துருத்தி, கூரைக்கு மேல் ஒரு தளம் கூடுதலாக எழுகின்றன. வீட்டைச் சுற்றி நடந்தால் அவை சேர்ந்தும் விலகியும் தோன்றும். ஒரு மூலையிலிருந்து நெருக்கமான கொத்தாகத் தெரிந்தவை, நேரெதிரே வந்ததும் அகன்ற அமைதியான முகப்பாக விரிந்துவிடும். உச்சியில் கல்லில் வெட்டிய ‘ஈ’, ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்துகள், மேலே ஒரு முடி: எலிசபெத் ஷ்ரூஸ்பரி. வானத்தின் பின்னணியில் தன் பெயரை இத்தனை பெரிதாக எழுதிக்கொண்ட வேறொரு தனியாள் அந்த நாட்டில் அன்று இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கோபுரங்களில் ஒன்றின் மேலறைக்கு, விருந்து முடிந்ததும் கூரைவழியே நடந்து போய் இனிப்பும் பழமும் சாப்பிடுவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரியும் நிலம் யாருடையது என்பதை விருந்தினருக்கு வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

இப்போது சன்னல்களின் உயரத்தைக் கவனிக்கலாம். தரைத்தளத்தில் சன்னல் குட்டை. முதல் தளத்தில் சற்று உயரம். இரண்டாம் தளத்தில் மிக உயரம். வழக்கமான மாளிகைக் கணக்குக்கு இது தலைகீழ். பிற்காலத்தில் மேலே போகப்போகச் சன்னல் சிறுத்து, கூரையடியில் பணியாளர்கள் தூங்குவதே நடைமுறையானது. ஹார்ட்விக்கிலோ தரைத்தளம் சமையலுக்கும் பணியாளர்களுக்கும், முதல் தளம் பெஸ்ஸின் அன்றாட வாழ்க்கைக்கும், இரண்டாம் தளம் அரசவைக்கு நிகரான சடங்குகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தஸ்து படியேறுகிறது, கூடவே கூரையும் சன்னலும் உயர்கின்றன. அந்த வகையில் முகப்பு உள்ளே நடப்பதை ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. சமச்சீர் கெடாமல் இருக்கச் சில இடங்களில் வெறும் சுவருக்கு முன்னால் சன்னல் வைத்திருக்கிறார்கள். வெளியே ஒன்றாகத் தெரியும் சில சன்னல்கள் உள்ளே இரண்டு குட்டைத் தளங்களுக்கு வெளிச்சம் தருகின்றன. பெரிய உண்மையைக் காப்பாற்ற ஸ்மித்சன் சிறிய பொய்களை அனுமதித்தார். அதில் எனக்குக் குறை தோன்றவில்லை. சிறு அறைகளும் பேரறைகளும் கலந்த ஒரு வீட்டை ஒரே தாளத்தில் நிறுத்த வேறு வழி அன்று இல்லை.

கூடத்திலிருந்து இரண்டாம் தளத்துக்குப் போகும் கல் படிக்கட்டு, என் பார்வையில், இந்த வீட்டின் மிகத் துணிச்சலான பகுதி. அலங்காரக் கைப்பிடியோ மரச்செதுக்கோ எதுவும் இல்லாத வெறும் கல். அகலமாக, தாழ்வான படிகளாக, வீட்டின் ஊடே திரும்பித் திரும்பி ஏறுகிறது. சில இடங்களில் இருள், சில இடங்களில் திடீரென்று பெருஞ்சன்னலின் வெளிச்சம். முதல் தளத்தைத் தொட்டும் அங்கே நின்றுவிடாமல் மேலே இழுத்துக்கொண்டு போகிறது. விருந்து நாளில் வடகோடிச் சமையலறையிலிருந்து புறப்பட்ட உணவு, பணியாளர் வரிசையோடு இந்த வழியைக் கடந்துதான் மேலே வந்து சேரும். சூடு ஆறியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. அந்த நடையே விருந்தின் ஒரு பகுதி என்று கருதியவர்கள் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

படிகள் போய்ச் சேரும் இடம் மேல்தளப் பேரறை. சுவரின் கீழ்ப்பாதியில் யுலிசஸ் கதையை நெய்த பிரஸ்ஸல்ஸ் சித்திரத் திரைகள். அவற்றைப் பெஸ் 1587-லேயே வாங்கிவிட்டார். அறையின் அளவு அந்தத் திரைகளுக்குப் பொருந்துமாறு வகுக்கப்பட்டது. திரைகளுக்கு மேலே, அறையைச் சுற்றி, ஆபிரகாம் ஸ்மித்தும் அவருடைய ஆட்களும் புடைப்பாக உருவாக்கி வண்ணம் தீட்டிய சுதைக் காடு. மரங்களுக்கு நடுவே விலங்குகள் திரிகின்றன; தன் பரிவாரத்தோடு டயானா தேவதை வீற்றிருக்கிறாள். கன்னித் தெய்வமான டயானா, மணம் முடிக்காத எலிசபெத் அரசிக்கான குறியீடு. கணப்பின் மேல் அரச முத்திரை. இத்தனை ஏற்பாடும் ஓர் அரசியின் வருகையை எதிர்பார்த்தது. பெஸ்ஸின் பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட்டுக்கு அரியணையில் உரிமை கோரத்தக்க இரத்த உறவு இருந்தது. அவள் இங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தாள். எலிசபெத் அரசி இந்தப் படிகளில் ஏறவே இல்லை. 1603-ல் அவர் இறந்தார். ஆர்பெல்லா தப்பிக்க முயன்று பாட்டியோடு மனம் முறிந்தாள். 1615-ல் லண்டன் டவர் சிறையில் உயிர்விட்டாள்.

நீள்கூடம் கிழக்குப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது: 162 அடி நீளம், 26 அடி உயரம். மழை நாளில் நடைப்பயிற்சிக்கும் உருவப்படங்களை மாட்டி வைப்பதற்கும் இத்தகைய கூடங்களைக் கட்டினார்கள். அங்கே தொங்கும், விவிலிய வீரன் கிடியனின் கதையைச் சொல்லும் திரைகள் 13. 1578-ல் ஔடெனார்டேயில், எலிசபெத் அரசியின் அமைச்சர் சர் கிறிஸ்டபர் ஹாட்டனுக்காக நெய்யப்பட்டவை. அவர் கடன் வைத்துவிட்டு இறந்ததும், 1592-ல் பெஸ் வாங்கினார். விலை 326 பவுண்டு 15 ஷில்லிங் 9 பென்ஸ். ஹாட்டனின் குலச்சின்னத்தை மறைத்துத் தன் சின்னத்தை வைக்க வேண்டிய செலவுக்காக 5 பவுண்டைக் கழித்துக்கொண்டார். வண்ணம் தீட்டிய துணித் துண்டுகளை மேலே ஒட்டினார்கள்; ஹாட்டனின் பெண்மானுக்குக் கொம்பு வரைந்து ஆண்மான் ஆக்கினார்கள். மாளிகை கட்டும் ஒருவர் 5 பவுண்டுக்குப் பேரம் பேசியிருக்கிறார். அந்தப் பேரமும் கல்தச்சர் கணக்கேட்டில் இருக்கும் கையெழுத்தும் ஒரே மனத்திலிருந்து வந்தவை.

1597 அக்டோபர் 4 அன்று பெஸ் புதிய வீட்டுக்குக் குடிவந்தார். 1601-ல் உயிலோடு சேர்த்து எடுத்த பொருள் பட்டியல், அவர் உண்மையில் எப்படி வாழ்ந்தார் என்பதைக் காட்டுகிறது. மேல்தளத்தில் பொன்னும் பட்டும். முதல் தளத்தில் அவருடைய படுக்கையறையிலோ கம்பளிகள், சன்னலுக்கும் கதவுக்கும் முன்னால் தொங்கவிடும் கனத்த விரிப்புகள். மேட்டின் உச்சியில், மூன்று பக்கமும் காற்று மோதும் கண்ணாடி வீட்டில், முதுமை கண்ட உடம்புக்கு அவை அவசியம். கண்ணாடி நிறைந்த வீடுகளில் வெயிலுக்கும் குளிருக்கும் தப்பி எங்கே ஒதுங்குவதென்றே தெரியவில்லை என்று தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் பின்னர் எழுதினார். அது கட்டடக்கலை விமர்சனம் என்பதைவிட அனுபவம். ஸ்மித்சனின் உட்சுவர் வெளிச்சத்துக்கு வழிவிட்டது, வெப்பத்தைத் தக்கவைக்க அதனால் முடியவில்லை. அடுத்த தலைமுறை கட்டடக்கலைஞர் இனிகோ ஜோன்ஸ் வழியில் கட்டுப்பாடான சன்னல்களுக்கும் நிறைந்த சுவர்களுக்கும் திரும்பியதற்கு ரசனை மாற்றத்தோடு இதையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1608-ல் பெஸ் இறந்த பின், மகன் வில்லியமும் அவருடைய வழியினரும் டெவன்ஷர் பிரபுக்களாகி, சாட்ஸ்வொர்த்தைத் தலைமை இல்லமாக்கிக்கொண்டார்கள். சாட்ஸ்வொர்த் பகுதி பகுதியாகப் புதிதாகக் கட்டப்பட்டது. ஹார்ட்விக் இரண்டாம் வீடாக ஒதுங்கியதால் யாரும் அதைப் புதுப்பிக்க மெனக்கெடவில்லை. அந்த அலட்சியமே அதைக் காப்பாற்றியது. கேவண்டிஷ் குடும்பத்தோடு வாழ்ந்த தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1679-ல் இங்கேதான் இறந்தார். 1950-ல் டெவன்ஷரின் பத்தாம் டியூக் இறந்தபோது விதிக்கப்பட்ட இறப்பு வரிக்கு ஈடாக வீடு அரசுக்குப் போய், 1959-ல் பாரம்பரியக் காப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது. கிடியன் திரைகளைச் சுத்தம் செய்து செப்பனிட்டு முடிக்க 24 ஆண்டுகள் ஆகி, 2023-ல்தான் அந்தப் பணி நிறைவடைந்தது. இன்று அந்த அறைகளில் பகலிலும் மறைப்புகள் இறக்கப்படுகின்றன. எந்த வெளிச்சத்துக்காக வீடு கட்டப்பட்டதோ அதே வெளிச்சம்தான் பட்டின் சாயத்தையும் கம்பளி நூலையும் தின்றது.

ஸ்மித்சனின் உட்சுவரை முழு வீட்டில் யாரும் பார்க்க முடியாது. திரையும் மரப்பலகையும் அதை மூடியிருக்கின்றன. ஆனால் அருகில், இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் பராமரிப்பில் நிற்கும் பழைய ஹாலுக்குக் கூரை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்ட அந்தச் சிதைவில், மாடித் தரைகள் பல போய்விட்டன. கணப்புகள் வெறுஞ்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் மேல் அந்தக் காலத்துச் சுதை உருவங்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. அங்கே மேல்தளம் வரை ஏறிப் பார்க்கலாம். புதிய ஹாலுக்குப் போகிறவர்கள் முதலில் அந்தப் பழைய ஹாலில் ஏறி, சுவரின் கனத்தையும் கணப்புகளின் அடுக்கையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அதன் பிறகு எதிரே இருக்கும் கண்ணாடி முகப்பின் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே என் பரிந்துரை.